வாத்தியார் ஜெனரல் ஆனார், ஜெனரல் கவர்னர் ஆனார்

ஒரு பெயர்தான் என்னை இதற்குள் இழுத்துவிட்டது. ஸ்பானிய ஆட்சிக்கு எதிரான பிலிப்பைன்ஸ் புரட்சியைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தபோது ஹுவான் கைலெஸ் என்ற ஜெனரலின் பெற்றோர் யார் என்று ஒரு வரி வந்தது. அப்பா இப்போலித் கைலெஸ், பிரெஞ்சுக்காரர். அம்மா இந்தியப் பெண், பெயர் மரியா கௌப்பமா. காதில் விழுந்ததை யாரோ ஒரு ஸ்பானிய எழுத்தர் அப்படியே ஏட்டில் ஏற்றிய மாதிரி இருக்கிறதே என்று இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். எனக்குக் குப்பம்மா என்றுதான் கேட்டது. இதை ஆதாரம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், தமிழ்க் காது அப்படித்தான் கேட்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு பெயருக்காகவே அந்த மனிதரின் வாழ்க்கையைத் தேடிப் பிடித்து வாசித்தேன், வாசித்து முடித்தபோது குப்பம்மா மறந்துபோய் வேறு ஒரு விஷயம் தொண்டையில் மாட்டிக்கொண்டது.

மணிலாவில் இந்தியர்கள் இருந்தது அதிசயமும் இல்லை. 1762இல் ஆங்கிலேயர்கள் மணிலாவைப் பிடிக்கப் போன கப்பல்கள் சென்னையிலிருந்துதான் கிளம்பின. அதில் போன சிப்பாய்களில் ஒரு கூட்டம் திரும்பி வராமல் கைந்தா என்ற ஊரில் குடும்பம் குட்டியோடு தங்கிவிட்டது. நம் கதாநாயகர் பிறந்தது அதற்கு நூறு வருஷத்துக்குப் பிறகு, 1871 நவம்பர் 10, பதங்காஸ் மாகாணத்தின் நசுக்பு என்ற கடலோர ஊரில்.

பிரெஞ்சு அப்பா, இந்திய அம்மா, ஸ்பானிய ஆட்சி, சுற்றிலும் தகலோக் பேச்சு. இப்படி ஒரு பையன் மணிலாவில் சேசு சபையினர் நடத்திய ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்து வாத்தியார் ஆகிறார். கவிட்டே மாகாணத்துப் பள்ளிக்கூடங்களில் ஐந்து வருஷம் பாடம் நடத்துகிறார். சரி, அத்தோடு கதை முடிந்திருக்கலாம். ஆனால் கவிட்டே அப்போது சும்மா கிடந்த இடம் இல்லை. 1892இல் ரகசியமாக ஆரம்பித்த கதிபுனான் இயக்கம் 1896 ஆகஸ்டில் வெளியே வெடித்தபோது மணிலாவில் அடி வாங்கியது, கவிட்டேயில் ஜெயித்தது. அங்கே எமிலியோ அகினால்டோ என்ற ஊர்த் தலைவர் ஸ்பானியப் படையை வரிசையாக விரட்டிக்கொண்டிருந்தார். வாத்தியார் சாக்பீஸைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அந்தப் படையில் மேலே போவதற்கு ஒரே வழிதான் இருந்தது, மேலே இருப்பவர் சாக வேண்டும். காந்திதோ திரோனா 1896 நவம்பரில் பினகாயான் சண்டையில் போனார். ஐரோப்பாவில் பொறியியல் படித்துவிட்டு வந்து பதுங்குகுழிகளுக்குப் படம் போட்டுக் கொடுத்த எதில்பெர்த்தோ எவான்ஹெலிஸ்தா 1897 பிப்ரவரியில் சபோதே பாலத்தில் செத்தார். அடுத்த மாதம் அகினால்டோவின் சொந்த அண்ணன் கிறிஸ்புலோ. ஒவ்வொருவரும் விழ விழ, அவர்கள் விட்ட இடத்தில் நின்று படையை நடத்தியவர்களில் ஒருவர் இந்த வாத்தியார். இருபத்தைந்து வயது.

நடுவில் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இதைத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். 1897 டிசம்பரில் ஸ்பெயினோடு சமரசம், அகினால்டோ ஹாங்காங் போனார். 1898இல் அமெரிக்கா ஸ்பெயினோடு சண்டை போட்டது, அகினால்டோ திரும்பி வந்து சுதந்திரம் அறிவித்தார், ஸ்பெயினோ அந்த நாட்டை இரண்டு கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் எழுதிக் கொடுத்துவிட்டது. வீட்டுக்காரரைக் கேட்காமல் வீட்டை விற்ற கதை. 1899 பிப்ரவரி 4ஆம் தேதி மணிலா எல்லையில் அமெரிக்கர்களுக்கும் அகினால்டோ படைக்கும் நடுவே துப்பாக்கி வெடித்தது. அந்த வருஷக் கடைசிக்குள் நேருக்கு நேர் நின்று ஜெயிக்க முடியாது என்று தெரிந்துவிட, அகினால்டோ படையைக் கலைத்துக் கெரில்லாவாக மாறச் சொன்னார். கைலெஸ் கைக்கு வந்தது லகுனா மாகாணம்.

லகுனா என்றால் ஏரி. நாட்டிலேயே பெரிய ஏரி, அதைச் சுற்றி ஊர்கள், கிழக்கே சியர்ரா மாத்ரே மலைத்தொடர். அடித்துவிட்டு மலைக்குள் போய்விடலாம், பசித்தால் இறங்கி ஊருக்குள் வரலாம். மலையும் ஏரியும் சேருகிற கிழக்குக் கரையில் மாபிதாக் என்று ஒரு சின்ன ஊர். 1900 செப்டம்பர் 17ஆம் தேதி அங்கே நடந்ததுதான் கைலெஸ் பெயரைப் பள்ளிப் புத்தகத்தில் ஏற்றியது.

மழைக்காலம். ஏரி நிரம்பி வயல்களுக்குள் ஏறியிருந்தது. ஊருக்குள் போக ஒரே ஒரு மண்மேட்டுச் சாலை, இரண்டு பக்கமும் தண்ணீர், சில இடத்தில் சாலை மேலேயே தண்ணீர். அந்தப் பக்கம் குழி வெட்டி உட்கார்ந்திருக்கிறார்கள் கைலெஸ் ஆட்கள், சுமார் எண்ணூறு பேர். இந்தப் பக்கமிருந்து கர்னல் பெஞ்சமின் சீத்தம் தலைமையில் முந்நூறு அமெரிக்கர்கள், இடுப்பளவு தண்ணீரில், துப்பாக்கியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வருகிறார்கள். கிட்ட வரட்டும் என்று விட்டுவிட்டுத்தான் சுட்டார்கள். குனிந்தால் தண்ணீர், நிமிர்ந்தால் குண்டு. 21 அமெரிக்கர்கள் செத்தார்கள், 23 பேருக்குக் காயம். பிலிப்பினோக்கள் பக்கம் லெப்டினன்ட் கர்னல் பிதெல் சாரியோவையும் சேர்த்து 11 பேர். அமெரிக்கர்கள் பின்வாங்கிப் போனார்கள்.

இந்தச் சீத்தம் யார் தெரியுமா? அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென்பகுதிப் படையின் ஜெனரல் ஒருவருடைய மகன். வாஷிங்டன் கலகக்காரர் என்று சொன்ன அப்பாவுக்குப் பிறந்த பிள்ளை, அதே வாஷிங்டன் கலகக்காரர் என்று சொல்கிற இன்னொரு கூட்டத்தை அடக்கக் கடல் கடந்து வந்து தண்ணீரில் நிற்கிறார். இந்த மாதிரி விஷயங்களுக்காகத்தான் நான் வரலாறு வாசிக்கிறேன்.

சண்டை முடிந்தபிறகு கைலெஸ் ஒரு காரியம் செய்தார். செத்துக் கிடந்த எட்டு அமெரிக்கச் சிப்பாய்களின் உடல்களை எதிரி வந்து எடுத்துப்போக விட்டார். ஜெயித்தவன், இடம் இன்னும் தன் கையில் இருக்கும்போது, அதைச் செய்தார். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே மனிதரின் இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் சிலை வைக்கிற ஆள் ஆகிவிடுவேன். அமெரிக்கர்கள் பிடித்த ஊர்களில் அவர்களுக்காக நகராட்சித் தலைவர், போலீஸ் என்று பதவி ஏற்ற உள்ளூர்க்காரர்களை அமெரிக்கானிஸ்தா என்பார்கள். அவர்களுக்கு மரண தண்டனை என்பதுதான் லகுனாவில் கைலெஸ் சட்டம், பேச்சோடு நிற்கவும் இல்லை, ஆட்களைக் கொன்றார்கள். கெரில்லாப் போருக்கு ஊர் ஆதரவு வேண்டும், ஆதரவில் அன்பும் உண்டு பயமும் உண்டு, இரண்டும் எந்த விகிதம் என்று நூறு வருஷம் கழித்து நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் போடுவது சுலபம். ஆனாலும் அந்தச் செத்துப்போன சின்ன ஊர்த் தலைவர்கள் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறார்கள், ஏன் என்பது அடுத்து வருகிறது.

1900 நவம்பரில் அமெரிக்காவில் தேர்தல். ஜனாதிபதி மெக்கின்லியை எதிர்த்து நின்ற பிரையன் ஜெயித்தால் படையைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வார் என்று மலைக்குள் இருந்தவர்கள் எல்லாம் நம்பினார்கள். மாபிதாக்குக்கு நான்கு நாள் முன்னால்கூட மரிந்துகே தீவில் ஓர் அமெரிக்கக் கம்பெனி மொத்தமாகப் பிடிபட்டிருந்தது, இப்படி இரண்டு மூன்று அடி விழுந்தால் அங்கே ஓட்டு மாறும் என்று கணக்கு. மெக்கின்லி ஜெயித்தார். அப்புறம் 1901 மார்ச் 23, பலனான் என்ற ஒதுக்குப்புற ஊரில் அகினால்டோவையே தந்திரமாகப் பிடித்துவிட்டார்கள். அவர் ஏப்ரலில் அமெரிக்காவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தார், மற்றவர்களும் ஆயுதத்தைப் போடுங்கள் என்று அறிக்கை விட்டார். தலைவரே போனபிறகு மலையில் என்ன செய்வது? 1901 ஜூன் 24ஆம் தேதி, ஏரிக்கரையில் மாகாணத் தலைநகரான சாந்தா குரூசுக்குக் கைலெஸ் இறங்கி வந்தார். கூட அறுநூறு பேர் அளவில் ஆட்கள்.

அந்தப் பிரமாணத்தின் வாசகம் அந்தக் காலத்தில் எல்லோருக்கும் ஒன்றுதான். அமெரிக்காவின் அதிகாரத்தை ஒப்புக்கொள்கிறேன், புரட்சி அரசுக்கான விசுவாசத்தைக் கைவிடுகிறேன், இதை மனதில் எதையும் மறைத்து வைக்காமல், தட்டிக்கழிக்கும் எண்ணம் இல்லாமல் ஏற்கிறேன். மனதில் எதையும் மறைத்து வைக்காமல். எழுதியவன் கெட்டிக்காரன். ஒரு மனிதன் துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம், மனதில் இருப்பதையும் கொட்டிவிட்டுப் போ என்றால் எப்படி?

கைலெஸ் எடுத்தார். அடுத்த வருஷம், 1902இல், அமெரிக்கர்கள் அவரையே லகுனா மாகாண கவர்னராக நியமித்தார்கள். அமெரிக்கர்களின் கீழ் பதவி ஏற்றால் சாவு என்று எந்த மாகாணத்தில் சட்டம் வைத்தாரோ அதே மாகாணத்தில், அமெரிக்கர்களின் கீழ், எல்லாவற்றிலும் பெரிய பதவி. அந்தச் சின்ன ஊர்த் தலைவர்களின் பெண்டாட்டிகள் அந்தச் செய்தியை எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று யோசித்தேன், யோசனை மேலே போகவில்லை.

துரோகி என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம்தான். ஆனால் பிரமாணம் எடுக்காமல் நின்றவர்கள் கதை எப்படிப் போனது என்றும் பார்க்க வேண்டும். அபொலினாரியோ மபினி, அகினால்டோ அரசின் பிரதமராக இருந்தவர், இடுப்புக்குக் கீழே நடக்க முடியாதவர், குவாம் தீவில் இரண்டு வருஷம் சிறையிருந்து 1903 பிப்ரவரியில்தான் பிரமாணம் எடுத்தார், மே மாதம் காலராவில் செத்தார். மகாரியோ சகாய் என்ற புரட்சித் தளபதி தொடர்ந்து சண்டை போட்டார். ஆனால் 1902 நவம்பரில் புதிதாக ஒரு சட்டம் வந்துவிட்டது. கொள்ளைக்கூட்டச் சட்டம். இனி மலையில் துப்பாக்கியோடு நிற்பவன் எவனும் புரட்சிக்காரன் இல்லை, கொள்ளைக்காரன். நேற்றுவரை ஜெனரல், இன்று காலையிலிருந்து திருடன், ஆள் இருந்த இடத்தைவிட்டு ஓர் அடி நகரவில்லை. சகாயை 1907இல் தூக்கில் போட்டார்கள். ஜெனரல்களில் அர்தேமியோ ரிக்கார்த்தே ஒருவர்தான் கடைசிவரை பிரமாணமே எடுக்காதவர், நாடு கடத்தல், சிறை, மறுபடி நாடு கடத்தல், யோகோஹாமாவில் சின்னதாக ஓர் உணவுக்கடை. அப்படிப்பட்ட வைராக்கியக்காரர் இரண்டாம் உலகப் போரில் ஊர் திரும்பியது யாரோடு என்றால், நாட்டைப் பிடித்த ஜப்பான் படையோடு. ஒரு சாம்ராஜ்யத்துக்குத் தலை குனியமாட்டேன் என்று நாற்பது வருஷம் நின்றவர் இன்னொன்றின் படையோடு வந்து இறங்கினார். கறை படியாத கை என்று யாருடையதையும் என்னால் காட்ட முடியவில்லை.

பிரமாணம் எடுத்தவர்களில் மிக உயரம் போனவர் மானுவேல் கெசோன். படானில் மேஜராக இருந்தவர், 1901இல் சரணடைந்து, கைதியாக இருந்த அகினால்டோவை மணிலாவில் ஆட்சியாளர்கள் குடியிருக்கும் மலகன்யாங் மாளிகையில் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டு, அப்புறம் சட்டம் படித்து, கவர்னர், சட்டசபை, செனட் தலைவர் என்று ஏறி, 1935 தேர்தலில் தன் பழைய தலைவர் அகினால்டோவையே தோற்கடித்து ஜனாதிபதி ஆனார். கைலெஸ் அந்த உயரத்துக்கு ஆசைப்பட்ட மாதிரி தெரியவில்லை. அவர் மாகாண மனிதர். லகுனா கவர்னராகப் போவதும் வருவதுமாக இருந்தார், பின்னால் ஓட்டு வாங்கியும் ஜெயித்தார். 1920களில் வடக்கே மலை மாகாணத்தின் பிரதிநிதியாகச் சட்டமன்றத்தில் இருந்தார். அந்த இடத்துக்குத் தேர்தல் கிடையாது, அமெரிக்க கவர்னர் ஜெனரல் ஆள் போடுவார். மலைவாழ் மக்களுக்கு ஓட்டுப் போடத் தெரியாதாம், அதனால் பதங்காஸ்காரர் ஒருவர் அவர்களுக்காகப் பேசுவாராம். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

1930களில் மறுபடி லகுனா, மறுபடி கவர்னர் நாற்காலி. அறுபதைத் தாண்டிவிட்டார். வயதானவர் ஏரிக்காற்று வாங்கிக்கொண்டு ஓய்வெடுத்தார் என்று எழுத ஆசைதான், ஆனால் மாகாணம் கொதித்துக்கொண்டிருந்தது. நிலம் சில குடும்பங்கள் கையில், குத்தகைக்காரன் அறுத்ததில் பாதிக்கு மேல் கடனுக்குப் போனது. சக்தல் என்று ஓர் இயக்கம் கிளம்பியது, அந்தத் தகலோக் சொல்லுக்குக் குற்றம் சாட்டுதல் என்று பொருள். பத்து வருஷம் பொறுத்தால் சுதந்திரம் என்று அமெரிக்கா 1934இல் போட்ட சட்டம் எங்களுக்கு வேண்டாம், இப்போதே கொடு, நிலத்தையும் கொடு என்றார்கள். 1935 மே 2ஆம் தேதி இரவு எழுந்தார்கள். அரிவாளும் பழைய துப்பாக்கியும் வைத்துக்கொண்டு விவசாயிகள் லகுனாவில் கபுயாவ், சாந்தா ரோசா ஊர்களில் நகராட்சிக் கட்டடங்களை நோக்கிப் போனார்கள். மறுநாளே அடக்கியாயிற்று. அறுபது பேர் அளவில் செத்தார்கள், அதில் பெரும்பங்கு கபுயாவில். தலைவர் பெனிக்னோ ராமோஸ் அன்றைக்கு ஜப்பானில் பத்திரமாக இருந்தார், அதையும் சொல்ல வேண்டும்.

இப்போதுதான் இன்னொரு வாத்தியார் வருகிறார். தியோதோரோ அசெதில்யோ, லகுனாவின் லோங்கோஸ் ஊர்க்காரர், மாபிதாக் இருக்கும் அதே கிழக்குக் கரை. 1883இல் பிறந்தவர். கைலெஸ் சரணடைந்து இரண்டு மாதத்தில், 1901 ஆகஸ்டில், தாமஸ் என்ற கப்பலில் அமெரிக்கா ஐந்நூறு ஆசிரியர்களைக் கொண்டுவந்து இறக்கியிருந்தது, நாடு முழுக்க ஆங்கிலப் பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூட அமைப்பில்தான் அசெதில்யோ பாடம் நடத்தினார். மேலிடத்துக்குக் கட்டுப்படவில்லை என்று வேலையை விட்டு நீக்கினார்கள். கொஞ்ச காலம் ஊர்ப் போலீஸ் தலைவர், அதுவும் போயிற்று. பிறகு தொழிலாளர், விவசாயிகள் இயக்கம் ஒன்றில் சேர்ந்தார், அதன் பெயரில் அனக்பவிஸ் என்று ஒரு சொல் வரும், வியர்வையின் பிள்ளைகள். 1934இல் மணிலாவில் லா மினர்வா சுருட்டுத் தொழிற்சாலை வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றார், போலீஸ் சுட்டது, இவரைத் தேடியது, இவர் தப்பித்து எங்கே போனார்? லகுனாவுக்கு. சியர்ரா மாத்ரேக்கு. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கைலெஸ் ஒளிந்த அதே காட்டுக்கு.

அங்கே அவரோடு சேர்ந்தவர் நிகோலாஸ் என்கல்யாதோ. கிழவர். காப்பிதான் குலாஸ் என்று மலையோரத்தில் எல்லோருக்கும் தெரியும், புரட்சிக் காலத்தில் துப்பாக்கி தூக்கியவர். அதாவது கைலெசின் தலைமுறை. மலையோர ஏழைகள் இவர்களுக்குச் சோறு போட்டார்கள், ஆள் வந்தால் தகவல் சொன்னார்கள். அரசாங்கத்து ஆட்களுக்குத் துப்புக் கொடுத்தவர்களை இவர்களும் விட்டுவைக்கவில்லை. வாசித்துக்கொண்டே வந்தபோது எனக்கு ஒரு சந்தேகம், 1900ஆம் வருஷத்துப் பக்கத்தைத்தான் மறுபடி புரட்டிவிட்டேனா என்று.

இவர்களைப் பிடிக்க வேண்டியவர் கவர்னர் கைலெஸ். அந்த மாகாணத்தில் கெரில்லாவை எப்படிப் பிடிப்பது என்று அவரைவிட யாருக்குத் தெரியும், எந்த ஓடையில் இறங்குவார்கள், எந்த ஊர் சோறு போடும், பசி எத்தனை நாளில் ஆளைக் கீழே இறக்கும். எல்லாம் அவர் ஒரு காலத்தில் எதிர்ப்பக்கம் நின்று படித்த பாடம்.

1935 நவம்பர் 15ஆம் தேதி கெசோன் ஜனாதிபதியாகப் பதவி ஏற்றார். ஆக, அந்த டிசம்பர் மாதத்துக் காட்சி இப்படி: மாளிகையில் புரட்சிப் படையின் முன்னாள் மேஜர், சாந்தா குரூசில் புரட்சிப் படையின் முன்னாள் ஜெனரல், காட்டில் புரட்சிக் காலத்துக் கிழவர் ஒருவர், அவர் பக்கத்தில் வேலை போன வாத்தியார் ஒருவர். தேடிப்போகிற கான்ஸ்டாபுலரி என்ற போலீஸ் படை அமெரிக்கர்கள் 1901இல் கொள்ளைக்காரர்களைப் பிடிக்க என்று ஆரம்பித்தது. அந்தச் சொல் மட்டும் வேலையை விட்டுப் போகவே இல்லை, இவர்களையும் பத்திரிகைகள் கொள்ளைக்காரர்கள் என்றுதான் எழுதின.

கைலெஸ் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று நான் எழுதப்போவதில்லை. அது கதாசிரியர் வேலை. ஒருவேளை ஒன்றுமே ஓடியிருக்காது, முப்பது வருஷம் நிர்வாகத்தில் இருந்தவருக்கு அது ஒரு கோப்பு. ஒருவேளை ஒழுங்காகச் சுதந்திரம் வரப்போகிற நேரத்தில் இந்த முட்டாள்கள் கெடுக்கிறார்களே என்று நிஜமாகவே கோபம் இருந்திருக்கும், அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை, 1946 ஜூலை 4இல் சுதந்திரம் வந்தது, அவர் அதைப் பார்த்தார், 1951 ஜூன் 28 வரை இருந்தார்.

1935 டிசம்பர் 31. வருஷத்தின் கடைசி நாள். மாபிதாக்குக்குத் தெற்கே கவிந்தி பக்கத்து மலைக் குடியிருப்பில் அசெதில்யோவைச் சுற்றி வளைத்துச் சுட்டுக் கொன்றார்கள். கிழவர் என்கல்யாதோ பிறகு இறங்கி வந்து சரணடைந்தார்.

செத்த வாத்தியாரின் உடலைக் குடும்பத்திடம் கொடுக்கவில்லை, உடனே கொடுக்கவில்லை. குண்டு துளைத்த அந்த உடலை எல்லோரும் பார்க்கட்டும் என்று தூக்கிக் கட்டி, லகுனாவில் ஊர் ஊராகக் காட்சிக்கு வைத்தார்கள். மாகாண கவர்னர் ஹுவான் கைலெஸ்.